இல்லாத நோய்க்கு ஒரு கடிதம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையைத் துடைப்பதற்காக மகளின் கடதாசிக் கட்டைத் தூக்கினேன். நடுவிலிருந்து ஒரு படிவம் வழுக்கி விழுந்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர் ராணுவத்தில் சேர விண்ணப்பித்தால் பெற்றோரில் ஒருவர் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும் என்று அதில் இருந்தது. அவளுடைய பெயர், பிறந்த திகதி, லண்டன் ஃபாரஸ்ட் கேட் விலாசம் எல்லாம் அவளுடைய உருண்டை எழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. கையெழுத்துக் கோடு மட்டும் வெறுமையாக இருந்தது.

"அப்பா, அது ஸ்கூல் பேப்பர். கலைக்காதேங்கோ," என்று படியிறங்கி வந்த மகள், என் கையில் இருந்ததைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"இதுவும் ஸ்கூல் பேப்பரோ?"

"இண்டைக்குச் சொல்லத்தான் இருந்தனான்."

"என்னெண்டு? 'அப்பா, பால் முடிஞ்சுது, நான் ஆமிக்குப் போறன்' எண்டோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். மகள் என்னோடு பேசுவது பாதிக்கு மேல் ஆங்கிலம்தான். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தின் கடெற் என்ற மாணவர் படைப் பிரிவில் அவள் சேர்ந்தபோது அதற்கும் ஒரு கையெழுத்துக் கேட்டார்கள். சாரணர் இயக்கம் மாதிரி ஏதோ, கூடாரம் அடிப்பதும் கயிறு முடிவதும் என்று நினைத்து மறுபேச்சில்லாமல் போட்டேன். வியாழக்கிழமைகளில் அவளுடைய சீருடையை அயன் பண்ணிக் கொடுத்தது நான்தான். காற்சட்டை மடிப்பு நேராக வரவேண்டும் என்று ஈரத்துணி போட்டுத் தேய்ப்பேன். வெஸ்ட் ஈலிங் கோவிலில் தெரிந்தவர்களுக்கு அந்தப் படத்தைத் தொலைபேசியில் காட்டியும் இருக்கிறேன். என்னுடைய வாழ்க்கை வாழ்ந்த ஒருவன் அந்த உடுப்பை அடையாளம் கண்டிருக்க வேண்டும். நான் மடிப்பை மட்டும்தான் பார்த்தேன்.

"மெடிக் அப்பா. காயப்பட்ட ஆக்களுக்குக் கட்டுப் போடுற வேலை. சுடுறதுக்குப் போகேல்லை."

"சுடுறவனுக்குப் பக்கத்திலதான் கட்டுப் போடுறவனும் நிக்கவேணும் பிள்ளை. நான் கண்டனான்."

கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்து மேசையின் மீதிப் பாதியைத் துடைத்தேன்.

கட்டின் மற்றத் தாள்கள் உண்மையிலேயே பள்ளிக்கூடத்தினுடையவைதான். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஒரு மனிதன், அங்கே உள்நாட்டுப் போர் நடந்தபோது பண்ணையிலிருந்து ஓடிப்போய், தெற்கு மாநிலங்களோடு போரிட்ட வடக்கின் யூனியன் படையில் சேர்ந்திருக்கிறான். வயதான பிறகு, நுரையீரல் பழுதானதற்கு ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறான். அந்தக் கோப்பின் பிரதி அது. அதை வைத்து அவள் ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். ஓர் அதிகாரி கேள்வி கேட்கிறார், கிழவன் பதில் சொல்கிறான், இன்னொருவர் எழுதுகிறார், கடைசியில் கிழவன் ஒரு சிலுவைக் கோடு போடுகிறான். எப்போது பிறந்தாய்? தெரியாது. உன்னை வைத்திருந்தவர் யார்? ஏன் இரண்டு பெயர்? இருமல் எந்த மாதத்தில் தொடங்கியது? யார் சாட்சி?

நான் அவளுக்குத் தெரியாமல் அதை வாசித்தேன். ஒரு பக்கம் வாசித்ததும் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். என்னுடைய அகதி விசாரணைத் தாள்களும் இதே மாதிரித்தான் இருக்கும். அங்கேயும் மனிதனை நம்பாத ஒருவர்தான் கேள்வி கேட்டார்.

ஓரிடத்தில் அந்த மனிதன் சொல்கிறான். சிறுவனாக இருந்தபோது அவனை விற்றார்கள். வாங்க வந்தவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தான், ஓடச் சொன்னான், சட்டையைக் கழற்றி முதுகைப் பார்த்தான். பல வருடம் கழித்துப் படை முகாமுக்குப் போனபோது, அங்கிருந்த வைத்தியரும் பல்லைப் பார்த்தார், ஓடச் சொன்னார், முதுகைப் பார்த்தார். தாளின் ஓரத்தில் மகள் பென்சிலால் எழுதியிருந்தாள்: இரண்டாவது தடவை அவர் தானாக நடந்து போனார். 'தானாக' என்பதன் கீழ் இரண்டு கோடு.

எனக்கு அந்தக் கோடுகள்தான் பயத்தைத் தந்தன. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு தடவையும் பல்லைப் பார்த்தது ஒரே மாதிரியான விரல்கள் என்பது.

மூன்று கிழமை வீட்டில் பேச்சுக் குறைந்தது. ஒருநாள் நான் சோற்றில் கை வைத்திருந்த நேரம் மனைவி சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் போமில நான் சைன் வைச்சிட்டன்."

அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். வயதானவர்களைத் தூக்கித் தூக்கி அவளுடைய குரலுக்கும் ஒரு பலம் வந்துவிட்டது.

"என்னைக் கேக்காமலோ?"

"கேட்டா வேண்டாம் எண்டுவியள். நான் வைக்காட்டி பதினெட்டு முடிய அவள் தானாப் போவாள். அப்ப எங்களுக்குச் சொல்லாமப் போவாள். எனக்குச் சொல்லிப்போட்டுப் போற பிள்ளை வேணும். நீங்கள் என்ன, கட்டிப் போடப் போறியளே?"

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பேச்சை மாற்றுவது போல, தாயிடம் கேட்டாள். "அம்மா, மெடிக்கலுக்கு ஒரு பெரிய லிஸ்ட் நிரப்பவேணும். சின்னனில எனக்கு மூச்சிழுப்பு இருந்ததெல்லே?"

"அது பதினொரு வயசோட போட்டுது. பிறகு அந்த மருந்து இழுக்கிற பம்பை நீ தொட்டதே இல்லை."

"அப்ப பிரச்சினை இல்லை. கிட்டடியில மருந்து பாவிச்சிருந்தாத்தான் எடுக்கமாட்டினம்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மனைவிக்குப் பாதிதான் தெரிந்த, மகளுக்குத் தெரியவே தெரியாத ஒரு கதை என்னிடம் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வன்னியில் ஒரு பள்ளிக்கூட வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். அம்மா, நான், தங்கச்சி. அப்பா முன்னமே செத்துப்போனார். எனக்குப் பத்தொன்பது, தங்கச்சிக்குப் பதினேழு. வீட்டுக்கு ஒருவர் போராட வரவேண்டும் என்று இயக்கத்தின் ஆட்கள் கூட்டம் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் அம்மா எங்கேயோ போய், ஓய்வுபெற்ற ஓர் அப்போத்திக்கரியைப் பிடித்தார். டொக்டர் இல்லாத ஊரில் டொக்டர் வேலை பார்த்தவர் அவர். எனக்கு வலிப்பு என்று அவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதம் மட்டும் போதாது, நாலு பேர் பார்க்க ஒருக்கால் விழவும் வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

நிவாரண அரிசி கொடுக்கும் வரிசையில் விழுந்தேன். வெயிலில் சுட்ட மணல் கன்னத்தில் ஒட்டியது. கையையும் காலையும் வெட்டி வெட்டி இழுத்தேன். "இரும்பு குடுங்கோ, கையில இரும்பு குடுங்கோ!" என்று யாரோ கத்தினார்கள். வலிப்பு வந்தவனின் கையில் இரும்பைத் திணிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தங்கச்சி ஓடி வந்தாள். பூட்டிவிட்டு வந்த எங்கள் வீட்டுச் சாவிக்கொத்தை அம்மா எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார். அதை உருவிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். குனிந்து, முகத்தைத் துடைப்பது போல, காதுக்குள் சொன்னாள்.

"நுரையைக் காணேல்லை. எச்சிலாவது விடு அண்ணை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க இன்னும் பலமாக உதறினேன். பார்த்தவர்கள் ஐயோ பாவம் என்றார்கள்.

இயக்கத்தின் ஆட்கள் வந்தது இரண்டு கிழமை கழித்து, காலையில். கடிதத்தை வாசித்தார்கள். பக்கத்துக் கொட்டில்காரரும் சாட்சி சொன்னார். சரி, இவரை விடுவம், அப்ப உங்கடை வீட்டிலயிருந்து ஆர் என்று கேட்டார்கள். அம்மா பேசவில்லை. நானும் பேசவில்லை. அரிசி கழுவிக்கொண்டிருந்த தங்கச்சி சட்டியை வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தாள். செருப்பைத் தேடிப் போட்டாள். ஒருவரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. வாசலில் நின்று, "அண்ணையை இனி விழுத்தாதேங்கோ அம்மா," என்றாள். அவ்வளவுதான்.

ஒரு வருடம் முடிவதற்குள் பெட்டி வந்தது. திறக்க விடவில்லை.

லண்டனுக்கு வந்து, அகதி விசாரணையில் தங்கச்சியைப் பற்றிக் கேட்டபோது, இழுத்துக்கொண்டு போனார்கள் என்று சொன்னேன். மனைவிக்கும் அப்படித்தான் சொன்னேன். வரவேற்பறையில் மாலை போட்டிருக்கும் படத்தில் இருப்பது யார் என்று மகள் முதன்முதலில் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னேன்.

நான் ஒரு மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை செய்தேன். தொடர்ந்து மருந்து எடுப்பவர்களுக்காக, கடையிலிருந்தே டொக்டரின் சிகிச்சை நிலையமான சேர்ஜரிக்கு வேண்டுகோள் அனுப்புவோம். மகளுடைய பதிவில் அந்த நீலப் பம்ப் இன்னும் பட்டியலிலிருந்து நீக்கப்படாமல் கிடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மழை, கடையில் கூட்டமில்லை. அவளுடைய பெயரைத் தட்டி, பெட்டியில் ஒரு சரி போட்டு, அனுப்பினேன். இரண்டு நாளில் அனுமதி வந்தது. பம்பை எடுத்து, அவளுடைய பெயர் ஒட்டி, கடதாசிப் பையில் போட்டு, என் மேற்சட்டைப் பைக்குள் வைத்தேன். அடுத்த மாதம் இன்னொன்று.

இரண்டு தடவையும் பெயரை நேராகவே ஒட்டினேன். அதைத்தான் இப்போது நினைத்தால் தாங்க முடியாமல் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன் அம்மா செய்த அதே வேலையை நான் செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. அம்மா என்னைக் காப்பாற்றினார், நான் இவளைக் காப்பாற்றுகிறேன் என்று மட்டும் நினைத்தேன். அம்மாவின் கடிதத்துக்குப் பிறகு வாசலில் நடந்ததை நான் அந்த நேரத்தில் நினைக்கவில்லை.

ராணுவத்திலிருந்து அவளுக்கு மறுப்புக் கடிதம் வந்தது. எனக்கு அவள் அதைச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, கடையில் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். அவளும் கடைசியில் நின்றாள். முறை வரும்வரை பொறுமையாக நின்று, முன்னுக்கு வந்து, தொலைபேசியை எனக்கு நேரே நீட்டினாள். அவளுடைய மருத்துவப் பதிவு.

"எக்ஸ்கியூஸ் மீ," என்றாள், யாரோ ஒரு கடைக்காரனிடம் பேசுவது போல. "இந்தப் பம்பை நான் எப்ப வாங்கினனான்?"

பின்னால் பிள்ளைத்தள்ளுவண்டியோடு ஒரு பெண் நின்றாள். நான் வாயைத் திறந்தேன்.

"பிறகு கதைப்பம் பிள்ளை."

"ரெண்டு தரம் வாங்கியிருக்கிறன். இந்தக் கடையில. நல்ல கஸ்டமர்."

வேலை முடியும்வரை எதிரேயிருந்த பஸ் தரிப்பில் உட்கார்ந்திருந்தாள். பிறகு இருவரும் வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ் புல்வெளிப் பக்கமாக நடந்தோம். வீட்டுக்குப் போகும் பாதை அதில்லை. பந்து விளையாடுபவர்களைத் தாண்டி மரங்கள் இருக்கும் இடத்துக்கு வந்ததும் நான் தொடங்கினேன். அப்போத்திக்கரியின் கடிதத்தைச் சொன்னேன், மணலைச் சொன்னேன், சாவிக்கொத்தைச் சொன்னேன். எச்சில் விடச் சொன்னதைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வெடித்தது, எனக்கு அன்று வந்தது போலவே. பிறகு வாசலில் நடந்ததைச் சொன்னேன்.

அவள் ஒரு மரத்தடியில் நின்றாள்.

"அப்ப மாமி உங்களுக்குப் பதிலாப் போனவா."

"ஓம்."

"தானா நடந்து போனவா."

"ஓம்."

"இவ்வளவு காலமும் இழுத்துக்கொண்டு போனவை எண்டெல்லே சொன்னனீங்கள்."

"அப்பிடிச் சொன்னாத்தான் எனக்கு இருக்க ஏலும்."

அவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. அழவும் இல்லை. கையிரண்டையும் மேற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"நான் ஒருத்தருக்கும் பதிலாப் போகேல்லை அப்பா. அதை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கோ." பிறகு சொன்னாள், "அந்தப் பம்பை நான் எடுக்கேல்லை எண்டு நீங்கள்தான் எழுதவேணும். நான் எழுதினா நம்பமாட்டினம்."

"வேலை போகும் பிள்ளை."

"தெரியும்."

"வேலை மட்டுமில்லை, நான் எழுதினா நீ..."

"அதுவும் தெரியும்."

ஒரு கிழமை நான் எழுதவில்லை. காலையில் எழும்பி வேலைக்குப் போனேன், மற்றவர்களின் பம்புகளுக்குப் பெயர் ஒட்டினேன். எழுதாமல் விட்டால் அவள் வீட்டில் இருப்பாள். என்னோடு பேசாமல் இருப்பாள், ஆனால் இருப்பாள். இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டேன் என்று தெரியாது.

அந்தக் கிழமையின் முடிவில் அவளுடைய கட்டுரை அச்சாகி மேசையில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க முன்னர் மறந்துபோய் வைத்தாளோ, நான் வாசிக்க வைத்தாளோ, நான் கேட்கவில்லை. உட்கார்ந்து முழுவதும் வாசித்தேன். சீருடையைப் பற்றியும் துப்பாக்கியைப் பற்றியும் அவள் எழுதியிருப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அதெல்லாம் ஒரு பக்கத்தோடு முடிந்துவிட்டது.

மீதிக் கட்டுரை அந்த மனிதனுடைய மனைவியையும் பிள்ளைகளையும் பற்றியது. கோப்பில் அவர்கள் வரும் இடத்தை நான் அவசரத்தில் தாண்டியிருந்தேன். அவன் படையில் சேர்ந்ததும், பண்ணையில் இனி இருக்க முடியாமல், மனைவி இரண்டு பிள்ளைகளோடு முகாமுக்கே வந்துவிட்டாள். முகாமின் ஓரத்தில் அப்படிப் பல குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. கடுங்குளிரில் ஒருநாள், வடக்கின் அதிகாரிகளே, அவன் சேர்ந்த படையே, அந்தக் குடும்பங்களை வெளியேற்றிக் குடிசைகளைப் பிரித்துவிட்டார்கள். அவன் காவல் கடமையில் நின்றான். இடத்தை விட்டு அசைய உத்தரவில்லை. சின்னப் பிள்ளை சில நாளில் செத்துப்போனது. கிழவன் இதைச் சொல்லி முடித்ததும் ஓய்வூதிய அதிகாரி கேட்ட அடுத்த கேள்வி, இருமும்போது சளி என்ன நிறம் என்பது.

அவன் தானாகப் போனான், அதன் செலவு வேறு ஆட்களின் உடம்பில் விழுந்தது என்று மகள் எழுதியிருந்தாள். அதற்காக அவன் வருந்தினானா என்று கோப்பில் யாரும் கேட்கவில்லை, ஆகவே தனக்கும் தெரியாது என்று முடித்திருந்தாள். அந்த இரண்டு கோடுகளை வைத்து நான் என் பிள்ளையைப் பற்றி ஏதேதோ முடிவுகட்டியிருந்தேன். அவளுக்கு என்னைவிட நன்றாக வாசிக்கத் தெரியும்.

நெஞ்சு நோயை நிரூபிக்க முடியாமல் அந்தக் கிழவன் பல வருடம் அலைந்திருக்கிறான். படைக்குப் போக முன்னமே இருமினவன் என்று இரண்டு பேர் சாட்சி சொல்லிவிட்டார்கள். உண்மையான நோய்க்கு அவனுக்கு ஒரு கடிதம் கிடைக்கவில்லை. இல்லாத நோய்க்கு எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறையாகக் கடிதம் இருந்திருக்கிறது.

அன்று பின்னேரம் எழுதினேன். மகளுக்கு மூச்சிழுப்பு இல்லை, அந்த இரண்டு பம்பையும் அவளுக்குத் தெரியாமல் வேலைத்தலத்திலிருந்து கேட்டு எடுத்தது நான், அவை பாவிக்கப்படாமல் என்னிடம் இருக்கின்றன. அவளிடம் கொடுத்தேன். நின்றபடி வாசித்தாள்.

"'தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவன்புடன்' எண்டு இங்கிலிஷில இப்ப ஆரப்பா எழுதுகினம்?"

"நாங்கள் படிச்சது அப்பிடி."

"டொக்டர் பயந்துபோவார், ராசாவுக்கு எழுதின கடிதமோ எண்டு." பேனாவை எடுத்து அந்த வரியை வெட்டினாள். மற்ற ஒரு வரியையும் தொடவில்லை. கடைசியில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினாள்.

சேர்ஜரியின் வரவேற்பில் இருந்த பெண் கடிதத்தையும் இரண்டு பம்ப் பெட்டியையும் வாங்கி, முத்திரை குத்தி, மேனேஜருக்குக் கொடுப்பதாகச் சொன்னாள். ஏதாவது அவசரமா என்று கேட்டாள். இல்லை என்றேன். அங்கிருந்து நேரே கடைக்குப் போய் முதலாளியிடம் நானே சொன்னேன். அவர் நல்ல மனிதர், கதவைப் பூட்டிவிட்டு இருந்து முழுவதையும் கேட்டார். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று எழுத்தில் தந்தார். அதனால்தான் இதையெல்லாம் எழுத எனக்குப் பகலில் நேரம் இருக்கிறது.

பதிவு திருத்தப்பட்டு, மறுபடி மருத்துவப் பரிசோதனை முடிந்து, அழைப்பு வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயதாகியிருந்தது. யாருடைய சம்மதமும் தேவைப்படாத வயது. நான் போட மறுத்த கையெழுத்து ஒன்றையும் தடுக்கவில்லை. அவளை அனுப்பியது நான் போட்ட மற்றக் கையெழுத்து.

வாட்டர்லூ ரெயில் நிலையத்துக்கு மனைவியும் நானும் போனோம். அவள் பெரிய பையைத் தானே தூக்கிக்கொண்டாள். பரிசோதனையில் என்ன செய்தார்கள் என்று கேட்டேன், கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தும்.

"பல்லைப் பாத்தவை, ஓடச் சொன்னவை," என்றாள். நான் வாசித்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "முதுகையும் பாத்தவை அப்பா."

தடுப்புவாசலுக்கு வந்ததும் ஏதோ நினைவு வந்தவளாகப் பையின் பக்க அறையைத் துழாவினாள். வீட்டுச் சாவிகளை எடுத்தாள். "அங்கை துலைஞ்சு போகும். நீங்கள் வைச்சிருங்கோ," என்று என் கையில் வைத்து, அவசரத்தில் என் விரல்களை அவளே மூடிவிட்டு, உள்ளே போனாள். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். சனத்துக்குள் அவளுடைய பை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

ரெயில் போய்ப் பலகையில் அடுத்த ரெயிலின் நேரம் வந்த பிறகும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"கையை விரியுங்கோ," என்று மனைவி சொன்னாள். "ரத்தம் கண்டிப்போகும்."

என்னால் உடனே விரிக்க முடியவில்லை. அவள்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள்.